முதலில் கொண்டோ வாங்கு, பிறகு வீட்டை விற்கலாம் என்கிறார் முகவர்: செய்யலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் எங்களுக்கு நாலறை வீடு. ஐந்தாண்டுக் கட்டாயக் குடியிருப்புக் காலம் இந்த ஆண்டு முடிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடனில் இன்னும் 180,000 வெள்ளி பாக்கி. எனக்கு வயது 41, மாதச் சம்பளம் 5,500 வெள்ளி. மனைவிக்கு 38, அவருக்கு 4,000 வெள்ளி. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு வந்த சொத்து முகவர், "நாட்டின் கடன் ஒரு டிரில்லியனைத் தாண்டிவிட்டது, 55,000 புது வீடுகள் வருகின்றன, பொருளியல் மந்தமும் வரப்போகிறது, விலை விழுவதற்குள் வெளியேறிவிடுங்கள்" என்கிறார். 1,250,000 வெள்ளிக்கு ஒரு கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டை, முதலில் வாங்க வேண்டுமாம். ஆறு மாதத்துக்குள் இந்த வீட்டை விற்றால் கட்டிய வரி திரும்ப வந்துவிடுமாம். கையில் மிஞ்சுவதை மலேசியாவின் ஜொகூரில் போடலாம் என்றும் சொல்கிறார். மசேநிதிப் (மத்திய சேம நிதி) பணம் பத்திரமாக இருக்குமா? வீட்டை விற்கலாமா?

பதில்: நாட்டின் கடனுக்குப் பயந்து வீட்டை விற்காதீர்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விற்கும் திட்டம் உங்கள் வருமானத்துக்கு ஆபத்தானது. ஜொகூர் பேச்சை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுக்கடன் ஆலோசனை சொல்லி வருகிறேன். இதே மூன்று பயங்களையும் இதே திட்டத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

கடனைப் பற்றிய பயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த டிரில்லியன், நம் ஊர்க் கணக்கில் ஒரு லட்சம் கோடி வெள்ளி, உண்மையான எண்தான். ஆனால் அதில் ஒரு பெரும் பங்கு நீங்களும் நானும் கொடுத்த பணம். மசேநிதி வாரியம் நம் சேமிப்பை அரசாங்கத்தின் சிறப்புப் பத்திரங்களில் போடுகிறது. அது அரசாங்கத்தின் கடனாகக் கணக்கில் ஏறுகிறது. அப்படி வாங்கும் பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது, முதலீடுதான் செய்ய வேண்டும். 2021இல் வந்த ஒரு சட்டம் மட்டும் ரயில் பாதை போன்ற பெரிய உள்கட்டமைப்புப் பணிகளுக்காகக் கடன் வாங்க இடம் தந்தது, அதற்கும் 90 பில்லியன் வெள்ளி உச்சவரம்பு உண்டு. கடனுக்கு எதிரே அதைவிடப் பெரிய சொத்து நிற்கிறது. அதனால்தான் மூன்று பெரிய தரமதிப்பீட்டு நிறுவனங்களும் சிங்கப்பூருக்கு மிக உயர்ந்த ஏஏஏ தரத்தைக் கொடுத்திருக்கின்றன. உங்கள் மசேநிதிப் பணம் பத்திரமாக இருக்கிறது.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கடன் எவ்வளவு என்ற எண் எல்லா அட்டவணையிலும் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று நிதி அமைச்சும் தன் இணையத்தளத்தில் விளக்கியிருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? அது எல்லார் காதிலும் விழுந்திருந்தால், அந்த எண்ணைக் காட்டி மின்தூக்கி வாசலில் யாரும் உங்களைப் பயமுறுத்தியிருக்க முடியாது.

அடுத்தது, வீடுகள் மிதமிஞ்சிவிடும் என்ற பயம். இது முழுப் பொய் இல்லை. ஒருமுறை நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் வீடு வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது, வீவகவும் கட்டிக்கொண்டே போனது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் வரிசையில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். சுமார் 17,500 வீடுகள் வாங்க ஆளில்லாமல் தேங்கின; அவற்றை விற்றுத் தீர்க்கப் பல ஆண்டுகள் ஆயின. தனியார் வீட்டு விலை 1996இன் உச்சத்திலிருந்து 1998 கடைசிக்குள் ஏறக்குறைய 45 விழுக்காடு விழுந்தது. அந்த அடியில் பிறந்ததுதான் 2001இல் வந்த பிடிஓ முறை. முன்பு கட்டிவிட்டு ஆளைத் தேடினார்கள், இப்போது ஆளைச் சேர்த்துக்கொண்டு கட்டுகிறார்கள். 2025 முதல் 2027 வரை வரும் 55,000 வீடுகளும் அப்படித்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குடிபோக இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

மந்தம் வந்தாலே விலை விழும் என்பதும் சரியில்லை. 2008இன் நடுவிலிருந்து ஓராண்டுக்குள் தனியார் வீட்டு விலை கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. ஆனால் 2020இல், கொவிட் பொருளியலை முடக்கிப்போட்ட அந்த ஆண்டிலேயே, வீவக மறுவிற்பனை விலை 5 விழுக்காடு ஏறியது. கட்டுமானம் நின்றுபோய் வீடுகள் தாமதமாயின, வட்டி குறைவாக இருந்தது, வங்கிகள் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தன. விலை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும் என யார் சொன்னாலும், அந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கச் சொல்லுங்கள்.

உங்களைப் பாதிக்கக்கூடிய உபரி நாடு முழுவதும் பரவிக் கிடப்பது அல்ல, உங்கள் புளோக்கிலேயே இருப்பது. உங்களோடு ஒரே மாதத்தில் சாவி வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் ஐந்தாண்டு முடிகிறது. அதே அளவு, அதே அமைப்பு, அதே மீதக் குத்தகைக் காலம். ஒரே நேரத்தில் பத்து வீடுகள் விற்பனைக்கு வந்தால், வாங்க வருபவர் நிதானமாகப் பேரம் பேசுவார். இந்த நேரத்தில் அவசரமாக விற்க வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. முகவரின் திட்டமோ அந்த அவசரத்தைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறது.

எப்படி என்று பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கும்போது இரண்டாவதை வாங்கினால், குடிமக்களுக்கு ஏபிஎஸ்டி எனப்படும் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு. 1,250,000 வெள்ளிக்கு அது 250,000. வழக்கமான முத்திரை வரி 34,600 தனி. இவற்றை ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். திரும்ப வரும் என்றாலும் முதலில் கட்டியாக வேண்டும். அடுத்து, வீவக கடன் பாக்கி இருக்கும்போது இரண்டாவது வீட்டுக்கடன் கேட்டால், வங்கி விலையில் 45 விழுக்காடு வரைதான் தரலாம். விலையில் 25 விழுக்காட்டை நீங்கள் ரொக்கமாகவே கட்ட வேண்டும். அதாவது 312,500 வெள்ளி. இதை முகவர் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். கேட்டால், பழைய கடனை எப்படியாவது அடைத்துவிட்டு வாருங்கள், 75 விழுக்காடு கிடைக்கும் என்பார். அந்த "எப்படியாவது" என்ற சொல்லுக்குள்தான் அண்ணன் கொடுத்த கைமாற்றும் அம்மாவின் நகையும் போய்ச் சேர்கின்றன.

சரி, எப்படியோ அடைத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதக் கெடு தொடங்குகிறது. தம்பதியில் ஒருவராவது குடிமகனாக இருந்து, கட்டி முடிந்த வீட்டை வாங்கினால், வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றாக வேண்டும். இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் கணக்கு வேறு, அங்கே அவகாசம் அதிகம். ஆறு மாதம் என்றால் கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. ஆனால் விற்கும் எண்ணத்தைப் பதிவுசெய்த பிறகு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவருக்கு விருப்ப உரிமை, அதாவது பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைப் பத்திரம், கொடுத்தால் அவருக்கு 21 நாள் அவகாசம். வீவக விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து முடிய ஏறக்குறைய எட்டு வாரம். தாள் வேலைக்கே மூன்று மாதம் போய்விடுகிறது. ஆள் தேட மிஞ்சுவது மற்ற மூன்று மாதம்தான். எந்தத் தேதியை விற்பனைத் தேதியாக வரித்துறை எடுத்துக்கொள்ளும் என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் இந்த வழியில் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

2015இல் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவர் பேருந்து ஓட்டுநர், மனைவி தாதி. அப்போது இரண்டாம் வீட்டுக்குக் கூடுதல் வரி 7 விழுக்காடுதான். கொண்டோவை வாங்கிவிட்டார்கள், ஐந்தறை வீடு விற்கவில்லை. அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். வீடு பார்க்க வந்தவர்களின் தேதி, பெயர், கேட்ட விலை எல்லாம் வரி வரியாக எழுதியிருந்தார். பதினோரு பேர். கடைசிப் பத்தியில் எட்டுப் பேருக்கு நேரே சிவப்புப் பேனாவில் ஒரே குறிப்பு: "சீனர், முடியாது". சனி, ஞாயிறுகளில் தாளிப்பு வாடை வரக் கூடாது என்று முகவர் சொன்னதால் இரண்டு மாதமாக வார இறுதியில் வீட்டில் சமைக்கவில்லை என்றார். கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது, கேட்ட விலையிலிருந்து 38,000 வெள்ளி குறைத்துக் கொடுத்தார்கள். வரி திரும்ப வந்தது. ஆனால் அந்த 38,000 வெள்ளி போனது போனதுதான்.

அந்தச் சிவப்புக் குறிப்பைத்தான் நீங்கள் எல்லாவற்றுக்கும் முன்பு பார்க்க வேண்டும். நம்மவர்களுக்கு இது மற்ற எந்த விதியையும்விட முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு, இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காடு வரைதான் இருக்கலாம். வட்டாரத்துக்கும் இதைவிடக் குறைந்த தனி வரம்பு உண்டு. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "நம் புளோக்கில் இந்தியர் வரம்பு நிறையவில்லை, ஆகவே பிரச்சினையில்லை" என்கிறார்கள். வீடு விற்கும் இந்தியருக்கு இந்தியர் வரம்பு தடையே இல்லை. ஓர் இந்தியர் போய் இன்னோர் இந்தியர் வந்தால் எண்ணிக்கை மாறாது. தடையாக நிற்பது சீனர் வரம்பு. அது நிறைந்துவிட்டால், நீங்கள் ஒரு சீனருக்கு விற்க முடியாது, ஏனென்றால் சீனர் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் சீனர் உள்ள நாட்டில், உங்கள் வாசலுக்கு வரக்கூடிய கூட்டத்தில் பெரும்பகுதி அந்த ஒரு விதியால் வெளியே நின்றுவிடுகிறது. மலாய் வரம்பும் நிறைந்திருந்தால், மிச்சமிருப்பது இந்தியரும் பிற இனத்தவரும் மட்டுமே.

இப்போது முகவர் கொடுத்த தாளை எடுங்கள். உங்கள் மாடியிலேயே ஒரு வீடு இவ்வளவுக்குப் போனது என்று அச்சடித்துத் தந்திருப்பார். அதை விற்றவர் யார் என்று கேளுங்கள். விற்றவர் சீனராக இருந்தால், சீனர் வரம்பு நிறைந்திருந்தாலும் அவர் இன்னொரு சீனருக்கு விற்றிருக்கலாம். ஒரே புளோக், ஒரே மாடி, ஒரே அளவு. ஆனால் அவருக்குக் கிடைத்த விலை உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில்லை. இந்த விஷயத்தில் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை. எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்பதற்காக வந்த கொள்கை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையைச் சிறுபான்மைக் குடும்பங்கள் தங்கள் வீட்டு விற்பனையில் கட்டிக்கொண்டிருக்கின்றன. உண்மையிலேயே விற்க முடியாமல் திண்டாடும் உரிமையாளரிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ளும் வழி 2022இல்தான் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

கொண்டோவை வாங்கிய பிறகு மாதச் செலவு எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடலாம். 75 விழுக்காடு கடன் என்றால் 937,500 வெள்ளி. உங்கள் வயதுக்கு 25 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வங்கி 4 விழுக்காடு வட்டியில் சோதித்துப் பார்க்கும். அப்போது தவணை 4,950 வெள்ளி அளவில் வரும். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி; உங்கள் கூட்டு வருமானத்தில் அது 5,225. ஆகவே வங்கி சரி என்று சொல்லிவிடும். வங்கி சரி என்று சொன்னதை உங்களால் முடியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையான வட்டி 2.5 விழுக்காடாக இருந்தால் தவணை சுமார் 4,200. மந்தத்தில் மனைவியின் வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 5,500இல் மசேநிதி போகக் கைக்கு வருவது 4,400. மசேநிதியில் வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய உங்கள் சாதாரணக் கணக்குக்கு மாதம் வரும் சுமார் 1,150 வெள்ளியைத் தவணைக்குக் கொடுத்தாலும், மீதி 3,050ஐக் கையிலிருந்து கட்ட வேண்டும். பராமரிப்புக் கட்டணம் 350 என்று போடுங்கள். நாலு பேர் சாப்பிட, பிள்ளைகள் படிக்க, மாதம் 1,000 வெள்ளி மிஞ்சும். வேலை இழந்தவர்களுக்கு இப்போது அரசாங்க உதவி இருக்கிறது, அது ஆறு மாதத்துக்கு மொத்தமே அதிகபட்சம் 6,000 வெள்ளிதான்.

அந்த நிலையில் கொண்டோவை விற்றுவிட்டுப் பழையபடி வீவக வீட்டுக்கு வந்துவிடலாம் என்றால், கதவு உடனே திறக்காது. தனியார் வீட்டை விற்றவர்கள் மானியமில்லாத மறுவிற்பனை வீட்டை வாங்கவும் 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து விதி. வாங்கி நாலு ஆண்டுக்குள் விற்றால் விற்பவர் முத்திரை வரி வேறு. முதல் ஆண்டிலேயே விற்றால் 16 விழுக்காடு. வேலையும் போய், வீட்டையும் விற்று, ஒன்றேகால் ஆண்டு வாடகை வீட்டில் இருப்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்லவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களே பலர். ஆனால் ஹோட்டலில் இலவசக் கருத்தரங்கு, படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் ஒரு வரைபடம், "ஒன்றை விற்று இரண்டை வாங்குங்கள்" என்ற பேச்சு, இவை வந்துவிட்டால் கவனமாக இருங்கள். நீங்கள் இருக்கும் வீட்டிலேயே இருந்தால் அவருக்கு ஒரு காசும் வராது. நீங்கள் விற்றால் ஒரு கமிஷன், வாங்கினால் இன்னொன்று. அவர் பெயரைச் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கமிஷனுக்கு நிர்ணயித்த விகிதம் எதுவும் கிடையாது, பேசிக் குறைக்கலாம். ஒரே முகவர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்த்து வேலை செய்யக் கூடாது. பரிவர்த்தனைப் பணத்தை அவர் கையால் தொடவே கூடாது. கடன் கொடுப்பவரை அவர் அறிமுகப்படுத்தினால் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் 99 பங்கு ஒருவர் பெயரில், 1 பங்கு இன்னொருவர் பெயரில் எழுதி வரியைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்நாட்டு வருவாய் ஆணையம் அந்த வழியில் போனவர்களிடம் விட்ட வரியோடு 50 விழுக்காடு அபராதமும் சேர்த்து வசூலிக்கிறது. அப்போது கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும், யோசனை சொன்னவருடையது அல்ல.

ஜொகூர் பற்றிச் சுருக்கமாக. உண்மையிலேயே வீடுகள் மிதமிஞ்சிப் போன இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் துவாஸ் இரண்டாம் பாலத்தைத் தாண்டி ஃபாரஸ்ட் சிட்டிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 700,000 பேர் வாழ்வார்கள் என்று திட்டமிட்டுக் கடலை நிரப்பி எழுப்பிய நகரம். மாலையில் விளக்கெரியும் சன்னல்களை நீங்களே எண்ணலாம். வெளிநாட்டவர் ஜொகூரில் வீடு வாங்க பொதுவாகக் குறைந்தபட்ச விலை ஒரு மில்லியன் ரிங்கிட். அங்கே வாங்கும் கடனும் இங்கே உங்கள் கடன் கணக்கில் சேரும். ரயில் வருகிறது, சிறப்புப் பொருளியல் வட்டாரம் வருகிறது என்பதெல்லாம் சரி. அந்த வீட்டை உங்களிடமிருந்து யார் வாங்குவார், யார் வாடகைக்கு இருப்பார் என்று கேளுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? இந்த வீடு உங்கள் குடும்பத்துக்குப் போதும், பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது என்றால், அங்கேயே இருங்கள். சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் கட்டும் தவணை மாறப்போவதில்லை. மாறத்தான் வேண்டும் என்றால் முதலில் விற்று, பிறகு வாங்குங்கள். புது வீட்டுக்கான ஒப்பந்தம் கையில் இருந்தால், வாங்கியவர் சம்மதத்தோடு பழைய வீட்டில் மூன்று மாதம் வரை கூடுதலாகத் தங்க வீவகவிடம் அனுமதி கேட்கலாம். விற்ற பணம் முழுவதும் கைக்கு வராது. கடன் பாக்கி போக, மசேநிதியிலிருந்து எடுத்த தொகையையும் அதற்கு 2.5 விழுக்காடு வட்டியையும் திரும்பப் போட வேண்டும். எவ்வளவு என்பது மசேநிதி இணையப் பக்கத்தில் உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீவக இணையத்தளத்தில் இன வரம்பைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. மாதம் ஒன்றாம் தேதி புதுப்பிப்பார்கள். உங்கள் புளோக் எண்ணைப் போட்டு, விற்பவர் இந்தியர் என்று கொடுத்து, யாருக்கெல்லாம் விற்கலாம் என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் ஒன்றாம் தேதியன்று பார்த்துக் குறித்துவையுங்கள். சீனருக்கு விற்க முடியாது என்றே மூன்று முறையும் வந்தால், முகவர் தாளில் உள்ள விலையை அடித்துவிட்டு, உங்கள் வட்டாரத்தில் அண்மையில் இந்தியர் விற்ற வீடுகளின் விலையை அவரிடம் கேளுங்கள். அந்த விலையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டு எனக்கு எழுதுங்கள்.